கழிவுப் பொருளும் கலைப் பூங்காவும்: சண்டிகர்ப் பாறைப் பூங்காவை முன்வைத்து வட சிலாங்கூர்த் தோட்டப்புறம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

‘தோட்டம்’ என்னும் சொல்லைக் கேட்கும்போது தமிழகத்தார்க்குப் பூஞ்செடிகளும் காய்கறிப் பாத்திகளும் நினைவுக்கு வரும். மலேசியத் தமிழர்க்கோ அச்சொல் இரப்பர் மர நிரைகளையும் செம்பனைக் காட்டையும் லயன் வீடுகளையும் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டது. முன்னது ஒருவர் தம் விருப்பப்படி நட்டு வளர்ப்பது. பின்னது பிறர் நிலத்தில் பிறர்க்காக உழைக்கும் இடம். ஒரே சொல்லின் இவ்விரு பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது.

கழித்துப் போட்ட இரும்பையும் உடைந்த வண்ணக் கண்ணாடியையும் கொண்டு முற்றத்திலும் பூங்காவிலும் சிற்பம் அமைக்கும் கலை, இருபதாம் நூற்றாண்டில் கலைக்கல்வி பெறாத உழைப்பாளர் பலரின் கைகளில் வளர்ந்துள்ளது. இந்தியாவில் அதன் தலைசிறந்த சான்றாக விளங்குவது நேக் சந்த் உருவாக்கிய சண்டிகர்ப் பாறைப் பூங்காவாகும். வட சிலாங்கூரில் கோலா சிலாங்கூர் தொடங்கிச் சபாக் வரையில் பரந்துள்ள தோட்டப்புறங்களிலும் அதற்கு வேண்டிய பொருள்கள் இருந்தன, கைத்திறனும் இருந்தது. எனினும் அத்தகைய நிலைத்த படைப்பு ஒன்று அங்கே பெயர்பெறவில்லை. அதற்குரிய காரணம் யாது என்பதை ஆராய்வதும், இன்று எஞ்சியுள்ள தோட்டப்புறப் பொருள்களைப் பற்றி நாம் செய்யத்தக்கது யாது என எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பெர்னாம் படுகையில் இரும்பும் கண்ணாடியும்

சபாக் பெர்னாம் ஆற்றின் தென்கரையில் அமைந்த ஊர். சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லையாக ஓடும் அவ்வாற்றின் மேற்படுகையில், சங்காட் மந்திரி முதலிய இடங்களில், கற்பலகைகளால் அமைந்த பழங்காலக் கல்லறைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஐவர் எவான்ஸ் 1920களிலும் கோலிங்ஸ் 1930களிலும் இக்கல்லறைகளை ஆராய்ந்தனர். அவற்றினுள் இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் செம்மணிகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ஆகவே இரும்பும் வண்ணக் கண்ணாடியும் அருகருகே வைக்கப்படுவது இப்படுகைக்குப் புதியதன்று. இறந்தோருடன் வைத்துப் போற்றத்தக்க அரும்பொருள்களாக அவை அன்று கருதப்பட்டன.

அக்கால மணிகளின் பின்னணியில் தமிழகத் தொடர்பும் உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற குழலாக இழுத்து, அதனைச் சிறு சிறு மணிகளாக நறுக்கும் தொழில் அங்கே பெருமளவில் நடைபெற்றது. இதே முறையில் அமைந்த மணிகள் தென்கிழக்காசியா முழுவதும் கிடைக்கின்றன. பேராக் கடற்கரையில் கோலா செலின்சிங்கும் கெடாவில் சுங்கை மாஸும் அத்தகைய மணிகள் உருவாக்கப்பட்ட இடங்களாகக் கருதப்படுகின்றன. சுங்கை மாஸில் மேற்காசியாவிலிருந்து வந்த உடைந்த கண்ணாடிக் கலங்களே மணிகளுக்கு மூலப்பொருளாயின என்பது மணியாய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் போன்றோரின் கருத்து. அவ்வாறாயின், உடைந்த கண்ணாடியை அணிகலனாக்கும் தொழில் இந்நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது எனலாம்.

இச்செய்திகளிலிருந்து ஒன்று புலனாகிறது. ஒரு பொருள் செல்வமா கழிவா என்பது அப்பொருளின் இயல்பால் மட்டும் அமைவதில்லை. அதனை வைத்திருப்போர் யார், அவர்கள் எந்நிலையில் உள்ளனர் என்பதைப் பொறுத்தே அம்மதிப்பு உறுதியாகிறது.

தோட்டப்புறத்தில் புழங்கிய பொருள்கள்

வட சிலாங்கூர், மலேசியத் தோட்டத் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்ற பகுதி. பத்தாங் பெர்சுந்தை என முன்னர் வழங்கி, 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற ஊருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரை நட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அவர் அதே பனையை அழகு மரமாக நட்டிருந்தார். முற்றத்திற்கு அழகு சேர்க்க வந்த மரம் பின்னர் இலட்சக்கணக்கான ஏக்கரை ஆட்கொண்ட வாணிகப் பயிராயிற்று. இக்கட்டுரை பேசும் கலையோ பயனிழந்த பொருளை அழகுப் பொருளாக்குவது. இரண்டும் எதிர்த்திசையில் சென்றவை என்பது எண்ணத்தக்கது.

தோட்டத் தொழிலாளியின் அன்றாட வாழ்வு இரும்போடும் தகரத்தோடும் கண்ணாடியோடும் பிணைந்திருந்தது. பால்வெட்டும் கத்தி, பாலைச் சுமக்கும் வாளி, காண்டாக் கம்பு, மரத்தில் செருகும் தகர நாக்கு, பாலை ஏந்தும் மங்கு ஆகியவை நாள்தோறும் கையாண்ட கருவிகள். அவற்றுள் மங்கு காலந்தோறும் மாறி வந்த ஒன்று. தகரம், கண்ணாடி, சுட்டமண், அலுமினியம், நெகிழி எனப் பல பொருள்களால் அது செய்யப்பட்டுள்ளது. ஆலையில் பால்தட்டுகளும் இரும்பு உருளைகளும் இருந்தன. பிரட்டுக்களத்தில் ஒலிக்கும் மணி வேலைநாளைத் தொடங்கிவைத்தது. இரப்பர் நீங்கிச் செம்பனை வந்தபின் அரிவாளும் தள்ளுவண்டியும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

இப்பொருள்கள் வழிபாட்டிலும் இடம்பெற்றன. மரத்தடியில் ஊன்றிய சூலமும் வேலும் அரிவாளுமே பல தோட்டக் கோயில்களின் தொடக்கமாகும். முனியாண்டிக்கும் காளிக்கும் கருங்கல் திருமேனி அமைக்கும் வசதி வரும்வரை இரும்பே தெய்வத்தின் வடிவாக நின்றது. பின்னாளில் கோயில் எழுப்பியபோது செங்கல்லும் கம்பியும் சுதையும் கொண்டு உருவங்கள் அமைத்து வண்ணம் தீட்டினர்.

வீட்டு முன்றிலிலும் இவ்வழகுணர்வு வெளிப்பட்டது. காலியான போத்தல்களைக் கவிழ்த்து நட்டுப் பூப்பாத்திக்கு வரம்பு கட்டுவது தோட்டப்புறங்களில் பலரும் அறிந்த வழக்கம். பச்சையும் பழுப்புமான அப்போத்தல்களின் அடிப்பகுதி காலை வெயிலில் ஒளிரும். பால் தகரமும் உடைந்த வாளியும் துளசிக்கும் கனகாம்பரத்திற்கும் தொட்டியாயின. தேய்ந்த டயரை வெட்டி அன்னமாகவும் பூச்சட்டியாகவும் மாற்றி வண்ணம் பூசும் வழக்கத்தைப் பள்ளி வளாகங்களில் இன்றும் காணலாம். இவற்றை யாரும் கலை என்று பெயரிட்டு அழைத்ததில்லை. எனினும் கழித்ததை அழகாக்கும் அக்கலையின் முதற்படி இவற்றில் அமைந்துள்ளது.

சண்டிகரும் நேக் சந்தும்

இம்முதற்படி ஒரு பெரும்பூங்காவாக விரிந்த வரலாற்றைக் காண இந்தியாவின் வடபகுதிக்குச் செல்லவேண்டும். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பஞ்சாபின் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. அதற்கெனச் சண்டிகர் திட்டமிடப்பட்டது. 1951இல் அதன் வடிவமைப்புப் பொறுப்பைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ஏற்றார். நேர்க்கோட்டுச் சாலைகளும் பைஞ்சுதைக் கட்டடங்களும் கொண்ட அப்புதுநகருக்காக, அங்கிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அகற்றப்பட்டன.

நேக் சந்த் 1924இல் இன்றைய பாகிஸ்தானைச் சேர்ந்த சகர்கர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிரிவினையால் ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்தார். 1951 அளவில் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, சாலை மேற்பார்வையாளராகச் சண்டிகரில் பணியாற்றினார். தம் ஊரை இழந்த ஒருவர், பிற ஊர்கள் இடிக்கப்பட்டு எழுந்த நகரில் வேலை பார்த்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. இடிந்த வீடுகளின் செங்கல், ஓடு, மட்பாண்டம், வளையல் துண்டு, மிதிவண்டிச் சட்டம், மின்பொருத்திகள் ஆகியவை குவியல்களாகக் கிடந்தன. சுக்னா ஓடை முதலிய நீர்வழிகளில் விந்தையான வடிவுடைய கற்கள் கிடைத்தன. வேலை முடிந்தபின் இவற்றையெல்லாம் அவர் தம் மிதிவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்.

அவர் தேர்ந்த இடம் சுக்னா ஏரிக்கு அருகிலுள்ள காட்டுப் பள்ளம். அரசுக்குரிய அந்நிலத்தில் எவரும் எதனையும் கட்டக்கூடாது என்பது விதி. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ 18 ஆண்டுகள், பெரும்பாலும் மாலையிலும் இரவிலும், மறைவாக அவர் அங்கே உழைத்தார். 1970களில் அது அதிகாரிகளின் பார்வைக்கு வந்தபோது ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பில் நூற்றுக்கணக்கான சிற்பங்களும் முற்றங்களும் நடைவழிகளும் அமைந்திருந்தன. சட்டப்படி அனைத்தும் இடிக்கப்படவேண்டியவை. ஆயினும் மக்களும் அதிகாரிகளுள் சிலரும் அதன் அருமையை உணர்ந்தனர். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு அப்பூங்காவின் பொறியாளர் என்னும் பொறுப்பும் ஊதியமும் 50 தொழிலாளரும் அளிக்கப்பட்டனர். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார். பூங்கா ஏறத்தாழ 40 ஏக்கராக விரிந்தது.

சிற்பம் உருவாகும் முறை

நேக் சந்தின் சிற்பங்கள் மூன்று நிலைகளில் உருவாயின. முதலாவது எலும்பு. துருப்பிடித்த குழாய், கம்பி, மிதிவண்டிச் சட்டம், அதன் முன்கவை ஆகியவற்றை வளைத்துப் பிணைத்து உருவின் சட்டகத்தை அமைத்தார். மிதிவண்டியின் இருக்கை விலங்கின் தலையாகவும் கவை அதன் கால்களாகவும் மாறின. இரண்டாவது தசை. சட்டகத்தின்மேல் சிமெண்டும் மணலும் கலந்த சாந்தைப் பூசி உடல் வடிவைக் கொணர்ந்தார். மூன்றாவது தோல். சாந்து இறுகுமுன் அதன்மேல் உடைந்த வளையல், பீங்கான், கண்ணாடித் துண்டு, உலைக்கசடு ஆகியவற்றைப் பதித்தார். ஆயிரக்கணக்கான வளையல் துண்டுகள் நடனமாதரின் ஆடையாயின. நீர்க்குடம் சுமக்கும் பெண்டிர், இசைவாணர், படைவீரர், குரங்கு, மயில் என ஒத்த உருவங்கள் வரிசை வரிசையாக நிற்பது அப்பூங்காவின் தனித்தன்மையாகும்.

இம்முறை தமிழ்ச் சிற்பியர்க்கு அயலானதன்று. சுதைத் திருமேனி அமைப்பதிலும் உள்ளே ஒரு சட்டகத்தை நிறுத்தி, அதன்மேல் படிப்படியாகப் பூச்சினை ஏற்றி உருவமைப்பர். அச்சட்டகத்தை எலும்பாகவும் மேற்சுற்றும் கயிற்றை நரம்பாகவும் மண்ணைத் தசையாகவும் கருதுவது ஆகம மரபு. திருவரங்கத்து மூலவர் திருமேனி சுதையால் அமைந்தது என்பதை யாவரும் அறிவர். கோபுரங்களில் நாம் காணும் பொம்மைகளும் இவ்வகையினவே. எனவே தோட்டக் கோயிலில் சுதை வேலை செய்தோர் கையில் சண்டிகர்க் கலையின் உத்தி முன்னரே இருந்தது எனலாம்.

எனினும் இரும்பும் சாந்தும் சேரும் இப்பணியில் ஓர் இடர் உண்டு. உள்ளிருக்கும் இரும்பு ஈரத்தால் துருவேறும்போது பருமன் பெருகி மேற்பூச்சைப் பிளந்துவிடும். சண்டிகரின் வறண்ட பருவங்களைவிடச் சபாக், சுங்கை பெசார், செகிஞ்சான் போன்ற கடலோரத் தாழ்நிலங்களில் இவ்விடர் மிகுதி. உவர்க்காற்றும் நீர்தேங்கும் மண்ணும் இரும்பை விரைவில் அரிக்கும். துருவைச் சுரண்டிப் பூச்சு ஏற்றுவது, அடித்தளத்தை நிலமட்டத்திற்கு மேல் உயர்த்துவது, சாந்தைப் போதிய கனத்தில் பூசிச் சில நாள் ஈரச்சாக்கால் மூடிப் பதப்படுத்துவது ஆகியன இங்கே இன்றியமையாதவை. மாணவரைக் கொண்டு இப்பணியைச் செய்விக்க எண்ணும் ஆசிரியர், கண்ணாடியின் கூர்விளிம்பை உரைகல்லில் தேய்த்து மழுக்கிய பின்னரே கையில் தருதல் வேண்டும்.

காப்பும் அச்சுறுத்தலும்

பாறைப் பூங்கா அரசின் ஏற்பைப் பெற்றபின்னரும் அதற்கு இடையூறு நீங்கவில்லை. அது பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றத்தை அடுத்துள்ளது. 1980களின் இறுதியில் சாலைக்கும் ஊர்தி நிறுத்தத்திற்குமாக அதன் ஒரு பகுதியை இடிக்க முயற்சி நிகழ்ந்தபோது நகர மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தனர். 1996இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையில் சிற்பங்கள் பல சிதைக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாலை விரிவாக்கத்தின் பொருட்டுப் பூங்காவின் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. உலகப் புகழும் பத்மஸ்ரீ விருதும் பெற்ற படைப்பே இவ்வாறு மீண்டும் மீண்டும் காக்கப்பட வேண்டியதாயின், பெயரற்ற லயன் முற்றத்தின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

அமெரிக்காவிலும் இதனையொத்த ஒரு வரலாறு உண்டு. இத்தாலியிலிருந்து குடியேறிய கட்டுமானத் தொழிலாளி சைமன் ரோடியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் தமக்குரிய சிறுமனையில், 1921 முதல் 1954 வரை தனியொருவராக உழைத்து இரும்புக் கோபுரங்களை எழுப்பினார். அருகிலிருந்த தண்டவாளத்தை நெம்புகோலுக்கு ஊன்றாகக் கொண்டு கம்பிகளை வளைத்தார். பச்சைப் போத்தல் துண்டுகளையும் ஓடுகளையும் சிப்பிகளையும் அவற்றின்மேல் பதித்தார். உயர்ந்த கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர். அவர் அவ்விடத்தை விட்டு நீங்கியபின் நகராட்சி அவற்றை இடிக்க ஆணையிட்டது. 1959இல் பொறியாளர் ஒருவரின் முயற்சியால் கோபுரத்தைப் பெருவிசையால் இழுத்துப் பார்க்கும் சோதனை நடத்தப்பட்டது. கோபுரம் அசையாது நின்றமையால் ஆணை கைவிடப்பட்டது. 1990இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

நிலம் என்னும் அடிப்படை

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிடும்போது மூன்று பொதுக்கூறுகள் தெரியவருகின்றன. முதலாவது, நெடுங்காலம் கலைக்கப்படாது கிடைத்த ஓர் இடம். ரோடியாவுக்கு அது சொந்த மனை. நேக் சந்துக்கு அது எவரும் எட்டிப்பாராத அரசு நிலம். இரண்டாவது, நீண்ட காலம். முன்னவர்க்கு 33 ஆண்டுகள். பின்னவர்க்குத் தொடக்கத்திலேயே 18 ஆண்டுகள். மூன்றாவது, இடிக்க வந்தபோது மறுத்துரைத்த சான்றோரும் மக்களும்.

வட சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளிக்கு இம்மூன்றும் கிட்டவில்லை. லயன் வீடு நிறுவனத்திற்குரியது. வேலை உள்ளவரையில்தான் அதில் குடியிருக்கும் உரிமை. நட்ட பூச்செடியும், கட்டிய கோயிலும், புதைத்த பெற்றோரும் பிறர் நிலத்தில் இருந்தனர். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் இரப்பர் செம்பனையாக மாறியதும், அதன்பின் தோட்டங்கள் நகரியங்களாக மாறியதும் மக்களை மீண்டும் மீண்டும் பெயர்த்தன. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் தோட்டங்களிலிருந்து வெளியேற நேர்ந்தது என ஆய்வாளர் மதிப்பிடுவர். பெஸ்தாரி ஜெயாவைச் சார்ந்த மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், மின்னியாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர், வீட்டுரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினர். 2023இல்தான் அவர்களுக்கு வீடு கட்டித்தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. குடியிருக்கும் வீட்டுக்கே இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நிலையில் முற்றத்துச் சிற்பம் தலைமுறை கடந்து நிற்பதற்கு வாய்ப்பில்லை. திறன் இன்மையால் அக்கலை வளராது போயிற்று எனக் கூறுவது பொருந்தாது. ஊன்றி நிற்க நிலம் இன்மையே அதற்குக் காரணமாகும்.

இதற்கு மறுதலையான சான்று ஒன்றும் இந்நாட்டிலேயே உள்ளது. ஜொகூர் பாருவிலுள்ள ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் எளிய குடிலாகத் தொடங்கியது. அரச ஆதரவால் கிடைத்த நிலத்தில் தொடர்ந்து நிலைபெற்றமையால், தலைமுறைதோறும் அதனைப் புதுப்பிக்க இயன்றது. 2009 அளவில் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகளைச் சுவரிலும் தூணிலும் விதானத்திலும் பதித்து அதனைக் கண்ணாடி ஆலயமாக்கினர். அக்கண்ணாடி கழிவுப் பொருள் அன்று என்பது உண்மையே. எனினும் சாந்தில் வண்ணக் கண்ணாடியைப் பதித்து ஒளியைச் சிற்பமாக்கும் விருப்பமும் முயற்சியும் மலேசியத் தமிழரிடம் உள்ளன என்பதையும், நிலம் உறுதியாயின் அவை ஓங்கி வளரும் என்பதையும் அவ்வாலயம் மெய்ப்பிக்கிறது.

பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் வரலாறு

தோட்டம் மூடப்படும்போது முதலில் வெளியேறுவது இரும்பு. ஆலையின் உருளைகளும் தொட்டிகளும் கூரைத் தகரமும் எடைக்கு விற்கப்படுகின்றன. பழைய இரும்பு வாணிகம் மலேசிய இந்தியர் பலர் ஈடுபட்டுள்ள தொழில்களுள் ஒன்றாகும். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்க்கு நகர்ப்புறத்தில் குறைந்த முதலில் வாழ்வளித்த தொழில் என்ற வகையில் அது போற்றத்தக்கதே. ஆயினும் ஒரு தலைமுறை கையாண்ட கருவியை அடுத்த தலைமுறையே எடைபோட்டு உருக்காலைக்கு அனுப்பும் நிலை இதனால் ஏற்படுகிறது. இதில் வணிகர்பால் குற்றமில்லை. எடையைத் தவிர வேறு மதிப்பு அப்பொருளுக்கு உண்டு என்று அவருக்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் கல்வியாளர்களாகிய நாமேயாவோம்.

பழைய இரும்பை நினைவுச் சின்னமாகக் காக்க இயலும் என்பதற்கு அண்டை மாநிலமாகிய பேராக்கிலேயே சான்றுண்டு. 1938இல் கட்டப்பட்டு 1982இல் வேலை நிறுத்திய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் உடைக்கப்படாது பாதுகாக்கப்பட்டு, இன்று மக்கள் காணும் இடமாக விளங்குகிறது. ஈயத்தொழிலுக்கு அத்தகைய நினைவிடம் உள்ளது. மங்குக்கும் பால்வெட்டும் கத்திக்கும் அவ்வாறான இடம் தேவையில்லையா என்பது வினவத்தக்கது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், மரபுப் பொருள்களைப் பதிவு செய்யவும் தேசிய மரபுடைமையாக அறிவிக்குமாறு முன்மொழியவும் வழி வகுத்துள்ளது. அவ்வழியைத் தோட்டப்புறப் பொருள்களுக்காகப் பயன்படுத்துவது பற்றி நம்மிடையே போதிய சிந்தனை எழவில்லை.

தமிழ்ப்பள்ளிகள் இப்பணியின் முதல் நிலைக்களமாகத் தக்கவை. தோட்டங்கள் மறைந்தபின்னரும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்னும் பெயரைத் தாங்கி நிற்பவை அவையே. பள்ளி வளாகத்தின் ஒரு மூலையைச் சிறு பூங்காவாக்கி, அங்கே பழைய மங்குகளையும் தகர நாக்குகளையும் வாளிகளையும் கொண்டு சிற்பம் அமைக்கலாம். ஆனால் அதற்குமுன் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு பொருளும் எத்தோட்டத்திலிருந்து வந்தது, அதனைக் கையாண்டவர் அதனை எப்பெயரால் அழைத்தார், எவ்வாறு பயன்படுத்தினார் என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி, படமும் எடுத்து வைத்தல் வேண்டும். அரியதும் பழையதுமான பொருளைச் சாந்தில் புதைக்காது தனியே பேணி, மிகுதியாகக் கிடைப்பதை மட்டுமே சிற்பத்திற்குக் கொள்ளுதல் வேண்டும். கலையார்வம் சான்றுகளை அழிப்பதாக அமைந்துவிடுதல் கூடாது. கருவி மறையும்போது அதன் பெயரும் வழக்கொழிகிறது. ஆதலின் இது வரலாற்றுப் பணியாக இருப்பதோடு மொழிப் பணியாகவும் அமைகிறது.

முடிவுரை

பெர்னாம் படுகையின் பழங்கல்லறைகளில் இரும்பும் கண்ணாடியும் பேரன்போடு வைக்கப்பட்டன. அதே படுகையின் தோட்டப்புறங்களில் அவை உழைப்பின் கருவிகளாயின. முடிவில் எடைக்கு விற்கும் கழிவாயின. சண்டிகரில் ஊரிழந்த ஒருவர், இடிந்த ஊர்களின் எச்சங்களை எடுத்து அவற்றுக்கு மனித உருவம் தந்தார். அங்குள்ள வளையல் துண்டுகள் ஒரு காலத்தில் யாரோ பெண்டிர் அணிந்தவை. ஓடுகள் யாரோ குடியிருந்த வீட்டுக்குரியவை. அவர்கள் பெயரைப் பூங்கா கூறவில்லை எனினும், அவர்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

வட சிலாங்கூரில் அத்தகைய சான்று எழுவதற்குத் தடையாயிருந்தது நிலவுரிமை இன்மையே என்பது மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படும். அக்குறையை இன்று முற்றும் போக்குதல் இயலாது. எனினும் பள்ளி வளாகமும் கோயில் வளாகமும் இன்னும் நம் கையில் உள்ளன. இரப்பர்க் காலத்துக் கருவிகளைக் கையாண்டு அவற்றின் பெயர் சொல்லத் தெரிந்த முதியோரும் சிலர் நம்மிடையே உள்ளனர். ஆசிரியரும் ஆய்வாளரும் இணைந்து, பொருள்கள் உருக்காலைக்குச் செல்லுமுன் அவற்றைக் கேட்டுப் பெற்றுப் பதிவு செய்ய முற்படுவராயின், ‘தோட்டம்’ என்னும் சொல்லின் இருபொருளும் நம் மாணவர் கையில் ஒருங்கே சேரும்.